18 பைட் படம்

காலையில் போனைத் திறந்தால் ஒரு ரோஜாப்பூ, அதன் மேல் பனித்துளி, கீழே ‘இனிய காலை வணக்கம்’. அனுப்பியவர் உங்கள் சித்தப்பாவாக இருக்கலாம், ரிடையரான எதிர்வீட்டுக்காரராக இருக்கலாம். பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மையைத் தட்டிவிட்டுப் பல் தேய்க்கப் போய்விடுகிறீர்கள்.

அந்த அரை விநாடியில் உங்கள் போன் செய்த காரியம் கொஞ்சமல்ல. வந்தது பூ இல்லை, ஒரு பார்சல். ‘அகலம் இத்தனை புள்ளி, உயரம் இத்தனை, நிறங்களை இன்ன முறையில் அமுக்கிக் கட்டியிருக்கிறேன், பிரித்துக்கொள்ளவும்’ என்று மேலே குறிப்பு எழுதி, உள்ளே ஒன்றும் சைபருமாகத் திணித்த பார்சல். குறிப்பைப் படித்து, பிரித்து, திரையில் புள்ளி புள்ளியாக அடுக்கி வைக்க ஒரு புரோகிராம் வேண்டும். அது குறிப்பை நம்பித்தான் வேலை செய்கிறது. குறிப்பில் யாராவது வேண்டுமென்றே பொய் எழுதியிருந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்த வாரச் சமாச்சாரம்.

பார்சல் பிரிக்கும் இந்தப் புரோகிராம்களில் பெரும்பாலானவை ஓப்பன் சோர்ஸ் வகை. லிப்பிஎன்ஜி, லிப்ஜேபெக், லிப்டிஃப், லிப்வெப்பி... பெயர்களைக் கேட்டால் மருந்துக்கடை ஞாபகம் வரும். மூல நிரலை யாரும் படிக்கலாம். காசு கொடுக்காமல் எடுத்துத் தங்கள் சரக்கில் சேர்த்துக்கொள்ளலாம். எல்லோரும் சேர்த்துக்கொண்டும் இருக்கிறார்கள், ‘ஓப்பன் சோர்ஸெல்லாம் நம்ப முடியாது சார்’ என்று பேசுகிற கம்பெனிகள் உட்பட.

ஓப்பன் சோர்ஸ் அன்பர்களுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. எரிக் ரேமண்ட் 1990களின் கடைசியில் எழுதியது: பார்க்கிற கண்கள் கூடக்கூட எந்தப் பிழையும் ஒளிந்திருக்க முடியாது என்பது அதன் சாரம். மேடைக்கு நல்ல வாசகம். எனக்கு அதில் ஒரு குறை. கண்கள் பிழையைப் பார்க்கும்; சரி. திருத்துவது பல சமயம் ஒரு வரி, இரண்டு வரி. அந்த ஒரு வரி திருத்தம், எழுதியவர் மேஜையிலிருந்து உங்கள் மேஜை வரைக்கும் நடந்து வர வேண்டாமா? அந்த நடைக்குப் பெயர்தான் அப்டேட். கண்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார்கள். கால்களைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

இமேஜ்மேஜிக் என்று ஒரு மென்பொருள். டூபாண்ட் கம்பெனியில் இருந்த ஜான் கிறிஸ்டி 1987ல் ஆரம்பித்தது, 1990ல் ஊருக்கு இலவசமாகக் கொடுத்தது. படத்தைச் சிறிதாக்கு, திருப்பு, ஜேபெக்கைப் பிஎன்ஜி ஆக்கு என்று எதைச் சொன்னாலும் செய்யும். 200க்கு மேற்பட்ட பட வகைகள் தெரியும். இதற்கு ஜன்னல், பட்டன் எதுவும் வேண்டாம். கட்டளை வரி போதும். எனவே வெப்சைட் நடத்துகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஏதோ ஒரு தளத்தில் உங்கள் போட்டோவை ஏற்றினீர்கள், அது சின்ன வட்டத்துக்குள் அழகாக உட்கார்ந்தது என்றால், திரைக்குப் பின்னால் வெட்டிக் கொடுத்தவர் பெரும்பாலும் இவராக இருந்த காலம் உண்டு.

200 வகையையும் அதுவே பிரிப்பதில்லை. தெரியாததை வேறு புரோகிராமிடம் தள்ளிவிடும், சில மேஸ்திரிகள் உள்வேலையைச் சப்-கான்ட்ராக்ட் விடுவதுபோல. தள்ளிவிடும்போது படத்தின் முகவரியைக் கட்டளை வரியில் அப்படியே ஒட்டிக் கொடுத்தது. முகவரிக்குள் ஒரு மேற்கோள் குறியும், கூடவே ஒரு கட்டளையும் நுழைத்து வைத்தால்? கம்ப்யூட்டர் அதையும் கர்மசிரத்தையாக நிறைவேற்றியது. இன்னொரு வேடிக்கை: கோப்பின் பெயர் ஜேபெக் என்று முடிந்தாலும் இமேஜ்மேஜிக் பெயரைப் பார்க்காது, உள்ளே பார்க்கும். ஆகவே நாலு வரி டெக்ஸ்ட்டை எழுதி, ‘போட்டோ’ என்று பெயர் வைத்து ஏற்றினால் போதும். கொஞ்சம் தெரிந்த காலேஜ் பையன் செய்துவிடக்கூடியது.

2016 மே மாதம் இது வெளியானது. ‘இமேஜ்ட்ராஜிக்’ என்று பெயர் சூட்டி, லோகோவெல்லாம் போட்டார்கள். திருத்தமும் சட்டென்று வந்தது. அவ்வளவுதானே, வேலை முடிஞ்சது என்றுதான் நினைப்போம். அதே வருஷம் அக்டோபரில் ஆண்ட்ரே லியோனோவ் என்ற ஆராய்ச்சியாளர் ஃபேஸ்புக்கிலேயே இந்த ஓட்டை ஒரு மூலையில் திறந்திருப்பதைக் காட்டினார். 5 மாதம் கழித்து, ஃபேஸ்புக்கில்! 40,000 டாலர் பரிசு கொடுத்து நன்றி சொன்னார்கள். ஃபேஸ்புக்கிடம் பணம் இல்லையா, ஆள் இல்லையா? தங்கள் வீட்டில் எந்தெந்த மூலையில் இமேஜ்மேஜிக் உட்கார்ந்திருக்கிறது என்ற முழுக் கணக்குதான் இல்லை.

யாஹூ கதை இதைவிட உறைக்கும். 2017ல் கிறிஸ் எவன்ஸ் என்பவர் 18 பைட் நீளத்தில் ஒரு படத்தைத் தயாரித்தார். 18 பைட் என்றால், இந்த வாக்கியத்தை எழுதவே அதைவிட அதிகம் வேண்டும். அதை யாஹூ மெயிலில் தனக்குத்தானே அனுப்பி, முன்னோட்டத்தைத் திறந்தார். வந்தது அவர் அனுப்பிய படமில்லை. முன்பின் தெரியாத யாரோ தங்கள் மெயிலில் வைத்திருந்த படங்களின் துண்டுகள். காரணம், பழைய படவகை ஒன்றைப் பிரிக்கும்போது இமேஜ்மேஜிக் நினைவக இடத்தைத் துடைக்காமல் பயன்படுத்தியது. ஒரு பையன் எழுதிய சிலேட்டை அழிக்காமல் அடுத்த பையனிடம் கொடுத்தால் முதல் பையனின் கணக்கு தெரியுமல்லவா, அதேதான். 14,000 டாலர் பரிசு அறிவித்தார்கள். அவர் அதைத் தர்மத்துக்குக் கொடுக்கிறேன் என்றதும் இரண்டு மடங்காக்கினார்கள். அங்கிருந்து இமேஜ்மேஜிக்கையே தூக்கிவிட்டார்கள்.

இந்த ஓட்டை யாருக்கும் தெரியாமல் இருந்தது, மன்னிக்கலாம். அதே சமயம் எவன்ஸ் இன்னொன்றையும் கண்டார். அது இமேஜ்மேஜிக்கில் 2015 ஜனவரியிலேயே அடைக்கப்பட்ட ஓட்டை. இரண்டு வருஷத்துக்கு மேலாகியும் யாஹூவில் பழைய சரக்கே ஓடிக்கொண்டிருந்தது. ஓப்பன் சோர்ஸ்காரர்கள் தங்கள் பங்கைச் செய்து, கதவைத் தட்டி, பார்சலை வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எடுத்து உள்ளே வைக்க ஆளில்லை. கோடிக்கணக்கான பேருடைய கல்யாணப் போட்டோவும் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் இருந்த இடம் அது.

சரி, கூகுள் போன்ற ஜாம்பவானே எழுதிப் பராமரிக்கிற நிரல் என்றால் நிம்மதியாக இருக்கலாமா? வெப்பி என்பது கூகுள் 2010ல் கொண்டுவந்த படவகை. வாட்ஸப்பில் நீங்கள் அனுப்பும் ஸ்டிக்கரெல்லாம் இந்த ரகம்தான். அதைச் சுருக்குவதில் ஒரு பகுதி, 1951ல் எம்.ஐ.டி.யில் படித்த டேவிட் ஹஃப்மன் கண்டுபிடித்த முறை. பரீட்சை எழுதுகிறாயா, இந்தக் கணக்குக்கு விடை காண்கிறாயா என்று பேராசிரியர் கேட்க, பரீட்சைக்கு டிமிக்கி கொடுக்கப்போய் உலகப் புகழ் பெற்றவர். அடிக்கடி வருவதற்குக் குட்டைக் குறியீடு, அபூர்வமாக வருவதற்கு நீளக் குறியீடு. வீட்டில் தினம் நூறு தடவை கூப்பிட ‘ராஜி’, ஜாதகத்தில் மட்டும் ‘ராஜராஜேஸ்வரி’ என்கிறோமே, அந்தச் சிக்கனம்தான்.

படத்தை விரிக்க இந்தக் குறியீடுகளுக்கு ஓர் அட்டவணை கட்ட வேண்டும். அது அதிகபட்சம் எவ்வளவு பெரிதாகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அவ்வளவு இடம் மட்டும் ஒதுக்கியிருந்தார்கள். கணக்கு சரிதான், குறியீடுகள் ஒழுங்காக இருக்கும்வரை. கோணல்மாணலான குறியீடுகளைக் கொடுத்தால், கோணல் என்று கண்டுபிடிப்பதற்குள் அட்டவணை தன் எல்லையைத் தாண்டிப் பக்கத்து இடத்தில் எழுதிவிடும். 300 இலைக்கு ஏற்பாடு செய்த மண்டபத்தில் பத்திரிகை இல்லாத கூட்டம் நுழைந்து, ‘நீங்க மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?’ என்று விசாரிப்பதற்குள் மணமகள் அறையில் நகைப்பெட்டி பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்த மாதிரி. திருத்தம் என்ன தெரியுமா? முதலில் எழுதாமல் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, அப்புறம் இலை போடு.

இத்தனைக்கும் இந்த நிரல் எல்லோர் கண்ணெதிரேயும் வருஷக்கணக்காக இருந்தது. கன்னாபின்னா படங்களை இரவு பகலாகத் தின்னக் கொடுத்து, எப்போது வாந்தியெடுக்கிறது என்று பார்க்கும் தானியங்கிச் சோதனையும் நடந்துகொண்டிருந்தது. மனிதக் கண், இயந்திரக் கண் இரண்டிலும் சிக்கவில்லை. வாஷிங்டனில் ஒரு தொண்டு நிறுவன ஊழியரின் ஐபோனைப் பரிசோதித்த டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப், அதில் பெகாசஸ் உளவு மென்பொருளை இறக்க நடந்த முயற்சியைக் கண்டுபிடித்தது. எதையும் திறக்கவோ தொடவோ வேண்டாம். விஷப்படம் போனுக்கு வந்து சேர்ந்தாலே போதும். 2023 செப்டம்பர் 6ந் தேதி ஆப்பிளும் சிட்டிசன் லேபும் கூகுளுக்குத் தகவல் கொடுத்தன. 7ந் தேதி ஆப்பிள் அப்டேட். 11ந் தேதி குரோம் அப்டேட். மறுநாள் ஃபயர்ஃபாக்ஸ். இந்த வேகத்துக்கு ஒரு சலாம் போடலாம்.

ஆனால் கூகுள் அறிவிப்பு எப்படி வந்தது? ‘குரோம் பிரவுசரில் பிழை’ என்று. படித்தவர்கள் குரோமை அப்டேட் செய்துவிட்டுத் தூங்கிவிட்டார்கள். பிழை குரோமில் இல்லை. குரோம் உட்பட ஆயிரம் இடங்களில் உட்கார்ந்திருக்கும் லிப்வெப்பியில். ஆபத்து அளவில் 10க்கு 10 கொடுத்து, லிப்வெப்பி பெயரிலேயே தனியாக ஒரு பதிவு போட இரண்டு வாரம் ஆயிற்று. அதையும் ‘இது பழைய பதிவின் நகல்’ என்று ரத்து செய்துவிட்டார்கள். தண்ணீரில் கிருமி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு ‘எங்கள் ஓட்டல் டம்ளரைக் கழுவிவிட்டோம்’ என்று போர்டு வைத்த கதை. அத்தனை திறமைசாலிகள் இருக்கிற இடத்தில், ஒரு அறிவிப்பை ஒழுங்காக எழுத ஆளில்லையா?

இங்கேதான் லினக்ஸ்காரர்களின் பழைய பாணி அப்டேட் எனக்குப் பிடித்துப்போகிறது. டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றில் லிப்வெப்பி ஊருக்கு ஒரு தண்ணீர்த்தொட்டி மாதிரி. படம் காட்டும் புரோகிராம், கோப்பு மேலாளர், ஜிம்ப் எல்லாம் அந்த ஒரே தொட்டியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். தொட்டியைக் கழுவினால் எல்லாக் குழாயிலும் நல்ல தண்ணீர். ‘சிஸ்டம் அப்டேட்’ என்று ஒரு தட்டு. எழுந்து போய்க் காப்பி குடித்துவிட்டு வரலாம். (வந்தபின் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் புரோகிராம்கள் பழைய தண்ணீரையே வாயில் வைத்திருக்கும்.)

மற்ற உலகம் வீட்டுக்கு வீடு சின்டெக்ஸ் டேங்க். எலெக்ட்ரான் என்ற முறையில் செய்யப்பட்ட ஆபீஸ் சாட் புரோகிராம்கள், நோட்ஸ் புரோகிராம்கள் ஒவ்வொன்றும் குரோமின் உடம்பையே ஒரு பிரதி எடுத்துத் தன் வயிற்றில் வைத்திருக்கிறது. உங்கள் லேப்டாப்பில் அப்படி 5 இருந்தால், 5 டேங்க். 5 கம்பெனிகளும் தனித்தனியாக வந்து கழுவ வேண்டும். விண்டோஸில் ஜிம்ப் நிறுவினாலும் இதே கதைதான். தனக்கு வேண்டிய லிப் எல்லாவற்றையும் தானே மூட்டை கட்டிக்கொண்டு வரும். 2023 நவம்பரில் வந்த ஜிம்ப் 2.10.36, பிஎஸ்டி, பிஎஸ்பி, டிடிஎஸ் கோப்புகளைத் திறக்கும் பகுதிகளில் இருந்த ஓட்டைகளை அடைத்தது. லினக்ஸ் வைத்திருந்தவருக்கு அந்த அடைப்பு வழக்கமான அப்டேட்டோடு வந்து சேர்ந்திருக்கும். விண்டோஸ் அப்டேட்டைத் தவறாமல் செய்யும் சமர்த்துப்பிள்ளைக்கு வந்திருக்காது. ஜிம்ப் தளத்திலிருந்து இறக்கியிருந்தவர் மறுபடி அங்கே போய்ப் புதிதாக இறக்கினால்தான் உண்டு. இதை எத்தனை பேருக்கு யார் சொன்னார்கள்?

இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். “அப்டேட்டா? போன தடவை பண்ணினதும் பிரிண்டர் வேலை செய்யல சார்.” இந்தப் புகாரைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. 2018 ஆகஸ்டில், கூகுளில் இருந்த டேவிஸ் ஆர்மண்டி, போஸ்ட்ஸ்கிரிப்ட்டும் பிடிஎஃப்பும் பிரிக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டில் அடுக்கடுக்காக ஓட்டைகளைக் காட்டினார். இமேஜ்மேஜிக் அந்த வகைகளைத் தொடாதபடி பூட்டிவிடுங்கள் என்றார். உபுண்டுவும் அப்டேட்டில் பூட்டியது. மருத்துவம் சரியானது. ஆனால் வருஷக்கணக்காகப் பத்து ஸ்கேன் படங்களைச் சேர்த்து ஒரு பிடிஎஃப் ஆக்கிக்கொண்டிருந்தவருக்கு மறுநாள் வந்தது ‘அனுமதி இல்லை’ என்று ஒற்றை வரிப் பிழைச்செய்தி. யார் அனுமதி, ஏன் இல்லை, எப்போது கிடைக்கும் என்று ஒரு வார்த்தை கிடையாது. தவித்தவர் இணையத்தில் தேடினார். கிடைத்த வைத்தியம்: ‘இன்ன கோப்பைத் திறந்து, இன்ன வரியை அழித்துவிடு.’ அழித்தார்கள், வேலை செய்தது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் திருத்தப்பட்டதா என்று பார்த்து அழித்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? பூட்டினவன் காரணம் சொல்லாததால், பூட்டை உடைக்கிற வித்தை ஊரெல்லாம் பரவியது. ‘பாதுகாப்புக்காக இதை நிறுத்தியிருக்கிறோம், மாற்றுவழி இது’ என்று இரண்டு வரி எழுதியிருந்தால் பாதிப்பேராவது கையை வைத்திருக்க மாட்டார்கள். ஓப்பன் சோர்ஸ்காரர்கள் மீது எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான். நிரலை எழுதுகிற சிரத்தையில் நூறில் ஒரு பங்கைச் செய்தியில் காட்டுவதில்லை.

இன்னொரு நியாயமான பயமும் உண்டு: அப்டேட்டிலேயே விஷம் வந்தால்? வந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் என்ற சுருக்கும் மென்பொருளில், பராமரிப்பில் உதவ வந்தவர் போல நம்பிக்கை சம்பாதித்த ஒருவர், பின்வாசல் வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற என்ஜினியர், லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று குடைந்ததில் அகப்பட்டது. அந்தச் சரக்கு டெபியனின் சோதனைக் கிளைகள் வரை வந்துவிட்டிருந்தது. நாமெல்லாம் பயன்படுத்துகிற நிலையான கிளைக்கு வரவில்லை. புதுச் சரக்கை ஆறப்போட்டு, பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் உடனே கொண்டுவருவது டெபியனின் வழக்கம். அதனால்தான் அங்கே மென்பொருளின் எண் பழசாகவே இருக்கும், உள்ளே ஒட்டுப்போட்டிருப்பார்கள். புது எண் வேண்டும் என்று அலைபவர்களுக்கு இது கட்டுப்பெட்டித்தனமாகத் தெரியும். அந்த மார்ச்சில் காப்பாற்றியதில் இந்தக் கட்டுப்பெட்டித்தனத்துக்கும் பங்குண்டு.

கடைசியாக, உங்கள் கையிலிருக்கும் போன். ஆண்ட்ராய்டுக்குள்ளும் லிப்வெப்பி இருக்கிறது. அதற்கான திருத்தத்தைக் கூகுள் 2023 அக்டோபர் பாதுகாப்பு அறிக்கையில் சேர்த்தது. இங்கே என் தண்ணீர்த்தொட்டி வாதம் கொஞ்சம் தலைகீழாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். குரோம் தன் சொந்த டேங்க்கோடு வருவதால் பழைய போனில்கூட ப்ளே ஸ்டோர் மூலம் கழுவப்பட்டுவிடும். அடியில் இருக்கும் பொதுத்தொட்டியைக் கழுவ வேண்டியவர் போன் தயாரித்தவர். அவருக்கோ புது மாடல் விற்கிற அவசரம். ஐரோப்பாவில் 2025 ஜூனிலிருந்து ஒரு விதி: ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது 5 வருஷம் அப்டேட் கொடுத்தாக வேண்டும். நாம் கடையில் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறோம், கவர் இலவசமா என்று கேட்கிறோம்.

செட்டிங்ஸில் ‘அபௌட் போன்’ பகுதியில் ‘செக்யூரிட்டி பேட்ச்’ அல்லது ‘செக்யூரிட்டி அப்டேட்’ என்று ஒரு தேதி இருக்கும், போய்ப் பாருங்கள். 2023 அக்டோபருக்கு முந்தைய தேதியாக இருந்தால், அப்டேட் இருக்கிறதா என்று தேடும் பட்டனைத் தட்டுங்கள். ‘உங்கள் போன் அப்-டு-டேட்டாக இருக்கிறது’ என்று பச்சை டிக் போட்டுப் பதில் சொன்னால், அந்தக் கம்பெனி உங்களைக் கைகழுவிவிட்டது என்று அர்த்தம். அந்தப் போனில் பாங்க் கணக்கு வைத்திருக்காதீர்கள். அடுத்த போன் வாங்கப் போகும்போது, “இதுக்கு எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட் வரும்?” என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரப் பையன் மேனேஜரைக் கூப்பிடுவான். மேனேஜர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.